டவர் ஃபுல், நெட் நில்

கேபிள், டவர், வைஃபை பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். எழுதியவர்களில் பாதிப்பேர் "பெயர் போட வேண்டாம், கேபிள்காரர் எங்கள் தெருதான்" என்று கேட்டிருக்கிறார்கள். அதனால் எல்லோரையும் ஊரோடு நிறுத்திக்கொள்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி: 1983-இல், வெளியூர் கால்களைக் கையால் இணைக்கும் மதுரை டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தவள். துறைத் தேர்வு எழுதி இன்ஜினீயர் ஆனேன். கடைசிப் பதினைந்து வருஷம் ஃபைபர் ஜாயின்ட் பெட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்தே கழிந்தது.

*அம்மா, நான் வீட்டிலிருந்தபடி வீடியோவில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். 100 எம்பிபிஎஸ் பிளான். ஸ்பீடு டெஸ்ட் போட்டால் இறக்கம் (டவுன்லோடு) 95, ஏற்றம் (அப்லோடு) 12 காட்டுகிறது. ஆனால் என் மகன் போனைச் சார்ஜில் போட்டால் போதும், அதிலுள்ள போட்டோக்கள் தானாக ஏற ஆரம்பிக்கும். உடனே வகுப்பு சிக்கும். குழந்தை தாளத்தைத் தவறவிடுகிறதா, நெட் தவறவிடுகிறதா என்றே தெரியவில்லை. கம்பெனியில் கேட்டால் 200 பிளானுக்கு மாறச் சொல்கிறார்கள். மாறலாமா?*
— பாட்டு ஆசிரியை, வில்லாபுரம், மதுரை

மாற வேண்டாம். மாறினால் பில்தான் ஏறும். உங்களுக்கு வேகம் குறையவில்லை. உங்கள் குரல் வரிசையில் நிற்கிறது.

ரேஷன் கடைக்கு ஒரு பாக்கெட் உப்பு வாங்கப் போகிறீர்கள். முன்னால் ஒரே ஒருவர்தான் நிற்கிறார். ஆனால் அவர் கையில் தெருவில் உள்ள நாற்பது வீட்டுக் கார்டும் இருக்கிறது. அந்த நாற்பது கார்டுக்காரர்தான் உங்கள் மகனின் போன்.

நெட்டில் எதை அனுப்பினாலும் சின்னச் சின்னப் பொட்டலமாகப் பிரித்துத்தான் போகும், அதற்கும் பாக்கெட் என்றே பெயர். லைன் வீட்டுக்குள் நுழையும் மோடம் பெட்டியில், வெளியே போக வேண்டிய பாக்கெட்டுகள் காத்திருக்க ஓர் இடம் உண்டு. அது 1 எம்பி கொள்ளும் என்று வையுங்கள். 1 எம்பி என்றால் 8 மெகாபிட். ஏற்றம் 12 என்று வந்ததே, அதன்படி உங்கள் வாசல் வினாடிக்கு 12 மெகாபிட்தான் வெளியே விடும். அந்த இடம் நிரம்பியிருக்கும்போது உங்கள் குரல் வந்து கடைசியில் நின்றால், மூன்றில் இரண்டு பங்கு வினாடி அங்கேயே போய்விடும். நடுத்தரக் காலத்தில் ஆதி தாளத்தின் ஒரு தட்டு ஏறக்குறைய அவ்வளவுதான். குழந்தைமேல் தப்பில்லை.

இதற்குக் காரணம் ஒரு நல்லெண்ணம். நினைவகச் சிப் விலை இறங்கியதும், ஒரு பாக்கெட்கூட வீணாகக் கூடாது என்று மோடம் செய்கிறவர்கள் காத்திருக்கும் இடத்தைத் தாராளமாக வைத்தார்கள். வந்தது வினை. அனுப்புகிற போன், பாக்கெட் ஒன்று தொலைந்துபோனால்தான் "ஓ, வழியில் நெரிசல்" என்று புரிந்துகொண்டு வேகத்தைக் குறைக்கும். எதையுமே தொலைக்காமல் அடுக்கிக்கொண்டே போனால் அதற்கு எப்படித் தெரியும்?

தொலைவதை வைத்து நெரிசலைக் கண்டுபிடிக்கும் அந்த வழிக்கும் ஒரு கதை இருக்கிறது. 1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே, வெறும் 400 கஜ தூரத்தில், வினாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு 40 பிட்டுக்கு விழுந்தது. எல்லாக் கணினியும் ஒரே நேரத்தில் விடாமல் திரும்பத் திரும்ப அனுப்பியதன் பலன். அதை உட்கார்ந்து ஆராய்ந்த வேன் ஜேக்கப்சன் 1988-இல் வெளியிட்ட முறைகள்தான் இன்றுவரை இணையத்தைத் தாங்குகின்றன. பாக்கெட் தொலைந்தால் அடக்கி வாசி. வழி சீரானால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. உங்களுக்குச் சொல்லவே வேண்டாம், மேடையில் பக்கவாத்தியக்காரர் செய்வது இதைத்தான்.

2010-இல் ஜிம் கெட்டிஸ் என்ற மென்பொருள் பொறியாளர் தன் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை ஏற்றும்போது உங்கள் தொல்லையை அப்படியே அனுபவித்தார். 1 வினாடிக்கு மேல் தாமதம். தோண்டிப் பார்த்ததில் மோடத்தில் மட்டுமில்லை, வழியெங்கும் இப்படித் தொட்டி தொட்டியாகத் தேக்கி வைத்திருப்பது தெரிந்தது. பிறகு 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் அதே வேன் ஜேக்கப்சனும் கோடெல் என்று ஒரு முறை சொன்னார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று அளக்காதே, பாக்கெட் எவ்வளவு நேரம் நின்றது என்று பார். 100 மில்லிவினாடி கழிந்தும் காத்திருப்பு 5 மில்லிவினாடிக்குக் கீழே இறங்கவே இல்லையென்றால் ஒரு பாக்கெட்டைத் தூக்கி எறி. எறிந்தால்தான் போட்டோ அனுப்புகிறவனுக்கு உறைக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது: போட்டோ ஏறாதபோது ஒருமுறை, ஏறும்போது ஒருமுறை பிங் போட்டுப் பாருங்கள். ஒரு சின்னப் பாக்கெட் போய்த் திரும்ப எத்தனை மில்லிவினாடி என்று அது காட்டும். முதலில் 15, பிறகு 600 என்று வந்தால் நான் சொன்ன நோய்தான். வைஃபை தரும் ரூட்டரில், எஸ்க்யூஎம் அல்லது ஸ்மார்ட் க்யூ என்று வரிசையை ஒழுங்குபடுத்தும் ஒரு வசதி இருந்தால் அதைப் போட்டு, ஏற்றத்தை 10-க்குக் கட்டுப்படுத்துங்கள். 12 இருக்கும்போது 10 எதற்கு என்றால், வரிசை உங்கள் ரூட்டருக்குள்ளேயே நிற்க வேண்டும், மோடத்துக்குப் போய் நிற்கக் கூடாது. அந்த வசதியே இல்லையா? மகன் போனில் போட்டோ ஏற்றத்தை நள்ளிரவுக்கு மாற்றிவிடுங்கள். செலவில்லாத வைத்தியம்.

*அழகர் ஆற்றில் இறங்கும் அன்று எங்கள் கடையில் ஜிகர்தண்டா குடித்தவர்கள் கியூஆர் கோடை ஸ்கேன் செய்கிறார்கள், அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. பணம் வந்ததா இல்லையா என்று சண்டை. எல்லார் போனிலும் டவர் ஃபுல்லாக நாலு கோடு காட்டுகிறது. டவர் ஃபுல்லாக இருந்தும் நெட் ஏன் இல்லை?*
— கடைக்காரர், மதுரை

அண்ணே, அந்த நாலு கோடு காட்டுவது டவரின் குரல் உங்கள் காதில் எவ்வளவு உரக்க விழுகிறது என்பதை. டவருக்கு உங்களைக் கவனிக்க நேரமிருக்கிறதா என்பது அதில் தெரியாது. கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக உங்கள் இலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தமா?

கணக்குப் போடுவோம். 20 மெகாஹெர்ட்ஸ் 4ஜி அலைவரிசை ஒன்று, சாதாரண இரட்டை ஆன்டெனாவில், ஏட்டளவில் வினாடிக்கு 150 மெகாபிட் தரும். வைகைக் கரையில் ஒரு டவரின் ஒரு முகத்துக்குக் கீழே 3,000 பேர் ஒரே நேரத்தில் போனை நோண்டினால் தலைக்கு 50 கிலோபிட். ஏட்டளவிலேயே இவ்வளவுதான். கூட்டத்தில் ரேடியோ இரைச்சலும் குறுக்கீடும் போக நிஜத்தில் அதுவும் கிடைக்காது.

இருப்பதைப் பங்கு வைப்பதில் டவர் கெட்டிக்காரத்தனம் செய்யும். 4ஜியில் ஒவ்வொரு மில்லிவினாடியும் இப்போது யாருக்குப் பரிமாறலாம் என்று முடிவு செய்கிறது. யாருக்குச் சிக்னல் மிக நன்றாக இருக்கிறது என்று பார்த்தால் டவருக்கு அடியில் நிற்பவனே எல்லாவற்றையும் சாப்பிட்டுவிடுவான். ஆகவே, ஒவ்வொருவருக்கும் அவரவர் சராசரியோடு ஒப்பிட்டால் இந்த நொடியில் யார் நிலை நன்றாக இருக்கிறது என்று பார்க்கிறது. சிக்னல் ஏறி இறங்குவதே இதில் லாபம். டேவிட் ட்சே என்ற ஆராய்ச்சியாளர் 3ஜி காலத்துக்கு வகுத்துக் கொடுத்த யோசனை இது.

ஆனால் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் இது. உங்கள் வாடிக்கையாளருக்கு உட்காரவே இடம் கிடைக்கவில்லை. போன் முதலில் "நான் வந்திருக்கிறேன்" என்று டவருக்குக் கைதூக்க வேண்டும். அதற்கு 4ஜியில் ஒரு டவர் முகத்துக்கு 64 வகைக் கைதூக்கல்தான் உண்டு. இரண்டு போன் ஒரே வகையை ஒரே கணத்தில் தூக்கினால் மோதல், இரண்டும் கொஞ்சம் பொறுத்து மறுபடி தூக்க வேண்டும். 1970 வாக்கில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் தீவுகளை ரேடியோவில் இணைத்தபோது இந்தக் கணக்கு வெளிவந்தது. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம் என்று விட்டால், நேரத்தில் 18.4 சதவீதம்தான் பயன்படும். நேரத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தால் 36.8. அதற்கு மேல் கூட்டம் வந்தால் பயன் ஏறாது, சரியும். மோதலே மோதலை வளர்க்கும்.

டிரங்க் போர்டில் தீபாவளி ராத்திரி இப்படித்தான் இருக்கும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை கால் உண்டு. சாதாரண நாளில் அர்ஜென்ட் போட்டால் சீக்கிரம் கிடைக்கும். தீபாவளியன்று எல்லாருமே அர்ஜென்ட். மெட்ராசுக்கு இருப்பது அதே லைன்கள். புக் செய்தவர்களே "இன்னும் கிடைக்கலையாம்மா" என்று கேட்டுக் கேட்டு எங்கள் போர்டை அடைத்துவிடுவார்கள். அப்போது எனக்கு ஆப்ராம்சனைத் தெரியாது, தலைவலி மட்டும் தெரியும்.

உங்கள் கடைக்கு வழி இருக்கிறது. கடைக்குள் ஃபைபர் இணைப்பு ஒன்று வாங்கி, விருந்தினருக்கென்று தனி வைஃபை பெயர் வைத்து, கடவுச்சொல்லைக் கியூஆர் கோடுக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டுங்கள். பணம் கட்டுகிற நேரத்துக்கு டவரை நம்ப வேண்டியதில்லை. அப்படியும் கொஞ்சம் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

*எங்கள் தெருவில் அடிக்கடி மோடத்தில் சிவப்பு லைட் எரிகிறது. கேபிள்காரர் ஒருமுறை அணில் என்கிறார், ஒருமுறை மழை என்கிறார், போனமுறை "வயரை மடக்கிட்டீங்க" என்று என்மேல் பழி போட்டார். வெளிச்சம் போகிற வயருக்கு மடக்கினால் என்ன? இன்னொன்று, எனக்குத் தனி லைன் என்றார். உண்மையா?*
— இல்லத்தரசி, ராஜபாளையம்

மூன்று காரணமும் உண்மையாக இருக்கலாம். தனி லைன் என்பது மட்டும் உண்மை இல்லை.

உங்கள் வீட்டுக்கு வரும் கண்ணாடி இழை முடிபோல 125 மைக்ரான் பருமன். அதன் நடுவே வெளிச்சம் போகும் பாதை 9 மைக்ரான்தான். இழையின் சுவரில் சாய்வாகப் பட்டுப் பட்டு வெளிச்சம் உள்ளேயே போகும். கூர்மையாக மடக்கினால் சாய்வு கெட்டு வெளியே கசிந்துவிடும். நீள அலை அதிகம் கசியும். உங்களுக்கு இறங்கி வரும் வெளிச்சத்தின் அலைநீளம் 1490 நானோமீட்டர், உங்களிடமிருந்து போவது 1310. அதனால் இறங்கி வருவதுதான் முதலில் அடிபடும். பழைய வகை இழையை 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் கீழே வளைக்கக் கூடாது. இப்போது வீட்டுக்குப் போடுவது வளைவைத் தாங்கும் வகை, 1 சென்டிமீட்டர் ஆரம்வரை பொறுக்கும். ஆனால் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆணி அடித்துச் செங்கோணத்தில் திருப்பினால் எதுவும் தாங்காது. போய் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்போது லைன். எக்ஸ்சேஞ்சிலிருந்து ஓர் இழை உங்கள் ஏரியாவுக்கு வருகிறது. அங்கே கரன்ட் தேவையில்லாத ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி வெளிச்சத்தை இரண்டாக, நாலாக, எட்டாகப் பிரித்து 32 வீட்டுக்குக் கொடுக்கிறது. வெளிச்சம் குறைவதை டெசிபெல் என்ற அளவில் சொல்வோம், ஒவ்வொரு முறை பாதியாகும்போதும் 3 டெசிபெல் போகும். 32 என்பது ஐந்து முறை பாதி, 15 டெசிபெல். பெட்டியின் சொந்த இழப்பும் சேர்ந்தால் 17. இழையில் கிலோமீட்டருக்கு 0.35 வீதம் 20 கிலோமீட்டருக்கு 7. ஆக 24. இந்த முறையில் வழக்கமாக அனுமதிப்பது 28. மிச்சமிருக்கும் 4 டெசிபெல்லில்தான் ஜாயின்ட், கனெக்டர், தூசி, அணில், உங்கள் ஆணி எல்லாம் அடங்க வேண்டும்.

28 டெசிபெல் என்றால், அனுப்பிய வெளிச்சத்தில் ஏறக்குறைய 630-இல் ஒரு பங்கு வந்து சேர்ந்தாலும் உங்கள் மோடம் படித்துவிடும். எனக்கு இது இன்னும் ஆச்சரியம்தான். 1966-இல் சார்லஸ் காவும் ஜார்ஜ் ஹாக்கமும் இங்கிலாந்தில் ஹார்லோ ஆய்வகத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைச் சுத்தப்படுத்தினால் கிலோமீட்டருக்கு 20 டெசிபெல் இழப்புக்குக் கொண்டுவர முடியும் என்று எழுதினார்கள். 20 டெசிபெல் என்றால் நூற்றில் ஒரு பங்கு மிச்சம். அன்றைக்கு அதுவே பெரிய ஆசை. 1970-இல் கார்னிங் கம்பெனி 17-ஐத் தொட்டது. இப்போது நல்ல இழையில், 1550 நானோமீட்டரில், ஒரு கிலோமீட்டர் தாண்டினாலும் 95 சதவீதம் மிச்சமிருக்கிறது. சார்லஸ் காவுக்கு நோபல் பரிசு வந்தது 2009-இல். நாங்கள் ஆபீசில் கேசரி சாப்பிட்டோம்.

சரி, 32 வீட்டுக்கும் ஒரே இழை என்றால் பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் வாட்ஸாப்பைப் பார்ப்பாரா? இறங்கி வரும் வெளிச்சம் எல்லா வீட்டுக்கும்தான் வரும், ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பூட்டுப் போட்டு அனுப்ப அந்த முறையிலேயே வசதி இருக்கிறது. ஏறுவதற்கு ஆளுக்கொரு நேரத்துண்டு. வெளிச்சம் இழையில் ஒரு கிலோமீட்டர் போக 5 மைக்ரோவினாடி ஆகும். அதனால் தூரத்து வீடு முன்கூட்டியும் பக்கத்து வீடு பொறுத்தும் அனுப்பும்படி எக்ஸ்சேஞ்ச் கருவி ஒவ்வொரு வீட்டின் தூரத்தையும் அளந்து வைத்திருக்கிறது. பஞ்சாயத்தே வராது.

அடுத்த முறை கேபிள்காரர் வந்தால் "பவர் மீட்டரில் எவ்வளவு?" என்று மட்டும் கேளுங்கள். வந்து சேரும் வெளிச்சத்தை அளக்கும் கருவி அது. மைனஸ் 20 பக்கம் இருந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐ நெருங்கினால் லைனில் எங்கோ கோளாறு, மழை பெய்ததும் சிவப்பு எரியும். எண்ணைக் கேட்கிற வீட்டில் அணில் குறைவாகக் கடிக்கும்.

*மேடம், சிங்கப்பூர் சர்வரில் கேம் ஆடுகிறேன். பிங் 45 வருகிறது. 300 எம்பிபிஎஸ் எடுத்தால் 10-க்கு வருமா?*
— கல்லூரி மாணவர், கோவை

வராது தம்பி. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கடலடிக் கேபிள் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 5 மைக்ரோவினாடி என்று மேலே ராஜபாளையத்துக்குச் சொன்னேனே, அதன்படி போக 16 மில்லிவினாடி, வர 16. கடலுக்கே 32 போய்விட்டது. உங்கள் 45 மிக நல்ல எண். அதை அப்பாவிடம் காட்டி 300 பிளான் கேட்காதீர்கள்.

*மாமா ஹால் திண்ணையில் உட்கார்ந்து பழைய போனில் யூடியூப் பார்க்க ஆரம்பித்தால் எங்கள் எல்லார் போனும் நின்றுவிடுகிறது. ஒரு ஆள் வீடியோ பார்த்தால் 100 எம்பிபிஎஸ் தீர்ந்துவிடுமா? மாமாவிடம் சொல்லவும் முடியவில்லை.*
— மருமகள், திருப்பூர்

சொல்லாதீர்கள், மாமாமேல் தப்பில்லை. உங்கள் ரூட்டர் எங்கே இருக்கிறது என்று கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்: பின் அறையில், இரும்பு பீரோவின் மேல், ஸ்டீல் பாத்திர மூட்டைக்குப் பக்கத்தில். குற்றவாளி அங்கேதான் இருக்கிறார்.

வைஃபையில் எல்லாப் போனும் ஒரே காற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகின்றன. ஆளுக்கு ஒரு பாக்கெட், பிறகு அடுத்தவர். நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் தூரத்தில் இருக்கும் போன் சிக்னல் தேறாமல் மெதுவாகப் பேசும். 1,500 பைட் பாக்கெட் என்பது 12,000 பிட். வினாடிக்கு 11 மெகாபிட்டில் அனுப்பினால் ஒரு மில்லிவினாடி சொச்சம். 1 மெகாபிட்டில் அனுப்பினால் 12 மில்லிவினாடி. ஆளுக்கொரு பாக்கெட் என்று முறை வைத்தால், நீங்கள் ஒரு மில்லிவினாடி பேசிவிட்டு மாமா 12 மில்லிவினாடி பேசி முடிக்கக் காத்திருக்கிறீர்கள். முடிவில் வேகமான போனும் மெதுவான போனும் ஒரே வேகத்துக்கு, அதுவும் 1-க்குக் கீழே, வந்து நிற்கும். பிரான்சின் கிரெனோபிள் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் நால்வர் 2003-இல் இதைக் கணக்கோடு காட்டினார்கள். அதுவரை வீட்டுக்கு வீடு யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு மருந்து, பாக்கெட் எண்ணிக்கைக்குப் பதில் நேரத்தைச் சமமாகப் பங்கு வைப்பது. பல ரூட்டர்களுக்குள் ஓடும் மென்பொருளான லினக்ஸிலேயே 2017-இல் அது நுழைந்துவிட்டது, புது ரூட்டர் பலவற்றில் உண்டு. உங்கள் ரூட்டர் வயதை நீங்கள் எழுதவில்லை. முதலில் பீரோவிலிருந்து இறக்கி ஹாலுக்குக் கொண்டுவாருங்கள். ரூட்டர் செட்டிங்கில், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குச் சேனல் 1, 6, 11 மூன்றில் பக்கத்து வீடுகள் பயன்படுத்தாததாகப் பார்த்து வையுங்கள், மற்ற எண்களைத் தொடாதீர்கள், அவை இரண்டு பக்கமும் இடிக்கும். ரிப்பீட்டர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மலிவான ரிப்பீட்டர் கேட்டதையே அதே காற்றில் திருப்பிச் சொல்லும், பாதி நேரம் அதிலேயே போகும். அந்தக் காசுக்குப் பத்து மீட்டர் லேன் வயர் வாங்கித் திண்ணைவரை இழுப்பது மேல்.

*எங்கள் கிராமத்துக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை. ஏர் ஃபைபர் என்று 5ஜியில் தருகிறார்கள். எடுக்கலாமா, ஃபைபருக்குக் காத்திருக்கலாமா?*
— விவசாயி, மேலூர் பக்கம்

எடுங்கள், ஃபைபர் வந்ததும் மாறிக்கொள்ளுங்கள். பெயரில் ஃபைபர் இருந்தாலும் உங்கள் வீட்டுக்கு வருவது காற்று வழி. டவருக்குக் கீழே இருக்கும் எல்லாப் போனோடும் பங்கு போட வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு ஊரே சீரியல் பார்க்கும்போது குறையும். ஃபைபரில் 32 வீடு 2,488 மெகாபிட்டைப் பங்கு போடுகிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் இழுத்தாலும் வீட்டுக்கு 77 தேறும்.

மேலூர் என்றதும் ஒரு ஞாபகம். 2001 வாக்கில் உங்கள் தாலுகாவில்தான் சென்னை ஐஐடி உருவாக்கிய கோர்டெக்ட் என்ற கம்பியில்லா முறையில் கிராமத்துக் கணினி மையங்கள் வந்தன. அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவின் வேலை. தடையில்லாத பார்வை இருந்தால் 10 கிலோமீட்டர்வரை எட்டும். இணைய வேகம் 35 அல்லது 70 கிலோபிட். மெகா இல்லை, கிலோ! அந்த மையங்களிலிருந்து கண்ணைப் படம் எடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பிக் காட்டினார்கள். பார்க்கப் போயிருந்தேன். ஒரு படம் ஏறி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. ஆனால் பாட்டிக்கு மதுரைக்கு பஸ் ஏற வேண்டியிருக்கவில்லை.

*மேடம், எங்கள் பாடத்தில் எர்லாங் சூத்திரம் வருகிறது. 1917-இல் டெலிபோனுக்கு எழுதியது. 5ஜி காலத்தில் இதை ஏன் படிக்க வேண்டும்? புராஜெக்டுக்கும் ஒரு யோசனை சொல்லுங்கள்.*
— பொறியியல் மாணவி, காரைக்குடி

என் சாமியைக் கேட்கிறீர்கள். ஏ.கே. எர்லாங், கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த கணக்கு மேதை. எத்தனை லைன் போட்டால் நூற்றுக்கு ஒருவர் மட்டும் ஏமாறுவார் என்பதுதான் அவர் கேள்வி.

ஒரு கணக்கு பாருங்கள். பத்து எர்லாங் பேச்சு என்றால் சராசரியாக ஒரே நேரத்தில் பத்து கால் ஓடுகிறது. நூற்றில் ஒன்றுக்கு மேல் தவறக்கூடாது என்றால் அதற்கு 18 லைன் வேண்டும். இப்படி இரண்டு ஊர், தனித்தனியே போட்டால் 36. இரண்டையும் சேர்த்து ஒரே கட்டாகப் போட்டால் 20 எர்லாங்குக்கு 30 லைன் போதும். சேர்ந்தால் ஆறு லைன் மிச்சம். ஃபைபரைப் பிரிப்பதும், டவர் அலைவரிசையைப் பொதுவில் வைப்பதும், பத்து ஊர் சேர்ந்து ஒரு பெரிய குழாய் வாங்குவதும் இந்தக் கணக்கின் பேரப்பிள்ளைகள்.

இன்னொன்றையும் கையில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஜன்னல், ஒழுங்கில்லாமல் வரும் ஆட்கள். ஜன்னல் பாதி நேரம் வேலையில் இருந்தால், வரிசையே இல்லாதபோது ஆவதைப்போல் இரண்டு மடங்கு நேரம் ஆகும். 80 சதவீதம் என்றால் ஐந்து மடங்கு. 90-இல் பத்து. 95-இல் இருபது. 90-இலிருந்து 95-க்குப் போகும் அந்த ஐந்து சதவீதத்தில் ஆகும் நேரம் அப்படியே இரட்டிப்பாகிவிடுகிறது. "லைன் இன்னும் நிரம்பவில்லையே" என்று சொல்லும் மேலதிகாரியிடம் இதைக் காட்டுங்கள். நான் காட்டினேன், கேட்கவில்லை, அது வேறு கதை.

எங்கே எர்லாங் தடுக்கி விழுவார் என்றும் படியுங்கள். பேச்சுக்கு அவர் கணக்கு பொருந்தும், ஏனென்றால் ஆயிரம் பேர் பேசினால் ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். அமெரிக்காவில் பெல்கோர் ஆய்வகத்தில் 1989 முதல், கணினிகளை வயரில் இணைக்கும் ஈதர்நெட் லைனில் போன பாக்கெட்டுகளை அளந்து வைத்திருந்தார்கள். லேலண்டும் கூட்டாளிகளும் 1993-இல் வெளியிட்டது: நொடிக்கணக்கில் பார்த்தாலும், நிமிஷக்கணக்கில் பார்த்தாலும், மணிக்கணக்கில் பார்த்தாலும் டேட்டாவின் மேடு பள்ளம் ஒரே மாதிரி இருக்கிறது. தூரத்தில் நின்று பார்த்தாலும் சமதளம் ஆவதில்லை. சராசரியை நம்பி நெட்வொர்க் கட்டியவர்களுக்கு அது பெரிய அடி.

புராஜெக்ட்: பெரிய சிமுலேஷன் எல்லாம் வேண்டாம். உங்கள் ஹாஸ்டல் வைஃபையில் ஒரு பழைய லேப்டாப்பை வைத்து, பத்து வினாடிக்கு ஒரு பிங் என்று இரண்டு வாரம் ஓட்டுங்கள். ஒரு லட்சத்து இருபதாயிரம் எண் கிடைக்கும். சராசரியைப் போடாதீர்கள். மிக மோசமான ஐந்து சதவீதம் எந்த நேரத்தில் விழுகிறது, அப்போது வரிசை எங்கே நின்றது என்று மட்டும் தேடுங்கள். வார்டனிடம் அனுமதி வாங்கிவிட்டு. பிறகு ஆசை வந்தால், 2022 மே மாதம் தொடங்கிய 5ஜி சோதனைக்களம் சென்னை ஐஐடி தலைமையில் இருக்கிறது. எட்டு நிறுவனங்கள் சேர்ந்து கட்டியது. ஆராய்ச்சிக்காரர்களுக்கும் தொழில் நிறுவனங்களுக்கும் வைத்திருக்கிறார்கள்.

*இவ்வளவு சொல்கிறீர்களே, உங்கள் வீட்டில் என்ன பிளான்?*
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பரமக்குடி

40 எம்பிபிஎஸ் ஐயா. வீட்டில் நாலு பேர், ஒரு டிவி. பேத்தியின் மேஜைக்கு லேன் வயர் இழுத்திருக்கிறேன். மோடத்தின் பவர் மைனஸ் 19, மாதம் ஒருமுறை பார்ப்பேன். ரூட்டர் நடு ஹாலில், எங்கள் கல்யாண போட்டோ தொங்கிய ஆணியில் தொங்குகிறது. வீட்டுக்காரர் இரண்டு நாள் பேசவில்லை. போட்டோ இப்போது பீரோவுக்குள் இருக்கிறது, அதற்குச் சிக்னல் தேவையில்லை.